ஆறு நிமிடத்துக்கு ஒரு முகமூடி

தரையைப் பளபளப்பாக்கும் மஞ்சள் நிற மெஷின் ஒன்றை, அண்ணியும் கொழுந்தனும் காலை ஒன்பதரை மணியிலிருந்து பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள்.

மெஷின் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் எக்ஸ்ரே அறை வாசலைத் தேய்த்து முடித்தது. லிஃப்டில் ஏறியது. முதல் மாடியில் இறங்கி, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குள் நுழைந்தது. அதைத் தள்ளிக்கொண்டு போன துப்புரவு அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணி," கொழுந்தன் குரலைத் தாழ்த்தினான். "ஓடிப்போன மாப்பிள்ளையைத் தொடர்ந்திருக்கோம். காணாமப்போன நாயைத் தொடர்ந்திருக்கோம். மெஷினைத் தொடர்றது இதுதான் முதல் தடவை. அது நின்னு 'என்னப்பா வேணும்'னு கேட்டா என்ன சொல்றது?"

"உன் வாயைத் தேய்ச்சுவிடணும்னு சொல்லு. நட."

அண்ணி இருபத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். எக்ஸ்சேஞ்சை மூடிய பிறகு வீட்டு மாடி அறையில் துப்பறியும் ஏஜென்சியைத் திறந்தாள். யார் எந்த லைனில் யாரைத் தேடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண் அவளுக்கு. கொழுந்தன் அவள் கணவரின் தம்பி. பதினைந்து வருடம் கூரியர் வண்டி ஓட்டியதில் எந்தச் சந்துக்கும் குறுக்கு வழி தெரியும். வாய் மட்டும் நேர் வழியில் போகாது.

மெஷினுக்குப் பின்னால் அவர்களை நடக்க வைத்தவர், இணையத்தில் மருந்து விற்கும் கம்பெனி ஒன்றின் முதலாளி. முந்தைய நாள் பிற்பகல், தன் கண்ணாடி அறையில் உட்கார்ந்தபடி ஒரு கத்தைக் காகிதத்தை மேஜைமேல் தூக்கிப் போட்டார்.

"எவனோ என் கடையைத் திருடறான் மேடம்."

"என்னத்தைத் திருடறான்?"

"விவரத்தை. ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை என் வெப்சைட்டுக்கு வர்றான். வாங்கறது கிடையாது. ஒரே ஒரு மருந்தோட பக்கத்தைக் கேட்டுட்டுப் போயிடறான். மனுஷன் இல்லை, எழுதி வெச்ச ப்ரோகிராம். போட்டிக் கம்பெனிக்காரன் வேலைதான்."

"கேக்கற கம்ப்யூட்டருக்கு ஒரு ஐ.பி. முகவரி இருக்குமே? அதைப் பிடிச்சுத் தடுக்க வேண்டியதுதானே?"

"அங்கதானே இடிக்குது!" முதலாளி எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "அவன் சர்வரோட முகவரியே வெளியில தெரியலை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வீட்டு முகவரியிலேருந்து வர்றான். ஒரு தடவை ஒரு டீச்சர் வீடு. அடுத்த தடவை ஒரு டெய்லர் வீடு. விசாரிச்சா, அவங்க வீட்டு இணைய லைனை யாரோ வாடகைக்கு எடுக்கறாங்களாம். ஒரு கம்பெனி அவங்ககிட்ட சம்மதம் வாங்கி, கேக்கறவங்களுக்கு அந்த லைனைக் குடுக்குது. இதுவரைக்கும் முந்நூறு வீடு. எந்த வீட்டை நான் தடுக்கறது? டெய்லர் நாளைக்கு இருமல் மருந்து வாங்க வந்தா?"

"அதாவது அடுத்த வீட்டுக்காரரை விட்டுக் கடைக்குப் போன் போடச் சொல்ற மாதிரி," என்றாள் அண்ணி.

"அதேதான். எனக்கு அவன் பேரும் இடமும் வேணும். மீதியை என் ஆளுங்க பாத்துப்பாங்க."

"எந்த மருந்தோட பக்கம் அது?"

"ரத்தம் உறையாத வியாதிக்கான ஊசி. யாருமே வாங்கறதில்லை," என்று சொல்லிவிட்டு முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

யாருமே வாங்காத மருந்தை ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை எதற்குத் திருட வேண்டும்? அண்ணி அதை அப்போது கேட்கவில்லை. காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஸ்கேலையும் இரண்டு கலர் பென்சில்களையும் வைத்துக்கொண்டு, யார் எப்போது அந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்ற பட்டியலில் கோடு போட ஆரம்பித்தாள். வீட்டு முகவரிகளில் ஒளிந்து வரும் முகமூடிக்காரனுக்குச் சிவப்பு. மணி ஆறு அடிக்கும்போது பச்சைப் பென்சிலையும் கையில் எடுத்தாள்.

"தம்பி, இங்க வா. சிவப்பு வந்துட்டுப் போன ஒன்பதாவது நொடி, அதே பக்கத்தை இன்னொருத்தன் கேக்கறான். ஒவ்வொரு தடவையும்."

"யாரு அது?"

"பெரிய ஆஸ்பத்திரி. அங்கேருந்து ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் அந்தக் கடையைப் பாக்கறாங்க. அந்தக் கூட்டத்துல இவனை யாருமே கவனிக்கலை. கொல்லைப்பக்கம் முகமூடியோட வர்றவனைத் தேடிக்கிட்டே இருக்காங்க. அவன் சுத்தி வந்து, வாசல் வழியா முகத்தைக் காட்டிட்டு, அதே கேள்வியைக் கேட்டுட்டுப் போறான்."

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "ஒரே ஆள் எதுக்கு ஒரே கேள்வியை ரெண்டு முகத்தோட கேக்கணும்?"

"அதுதான் எனக்கும் பிடிபடலை. இன்னொண்ணு பாரு. செவ்வாயும் வெள்ளியும் பத்தேகால்லேருந்து பத்து ஐம்பது வரைக்கும் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. மத்த நேரத்துல ஒண்ணுகூடத் தவறலை."

"டீ குடிக்கப் போயிருப்பான்."

"ப்ரோகிராம் டீ குடிக்காது. கம்ப்யூட்டரே நின்னாத்தான் ரெண்டும் ஒண்ணா நிக்கும். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில, வாரத்துல ரெண்டு நாள், சொல்லிவெச்ச மாதிரி ஒரே நேரத்துக்கு ஒரு கம்ப்யூட்டரை நிறுத்தறது யாரு?"

கொழுந்தன் துள்ளினான். "அண்ணி! எங்க கூரியர் ஆபீஸ்ல பில் போடற மெஷின் வாரம் ரெண்டு தடவை செத்துப்போகும். ரிப்பேர்காரன் வந்து மூணு தடவை பிரிச்சுப் பாத்தான். கடைசியில பாத்தா, தரை தேய்க்கிற மெஷினுக்காக அதோட ப்ளக்கைப் பிடுங்கிட்டிருக்காங்க!"

அண்ணி பென்சிலைக் கீழே வைத்தாள். "நாளைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

*

பத்து பதினாலுக்கு மஞ்சள் மெஷின் இரண்டாம் மாடியில் பிசியோதெரபி அறைக்குள் நுழைந்தது.

சுவரில் மரக் கம்பிகள். ஒரு மூலையில் சக்கரம் மட்டும் சுற்றும் சைக்கிள். மேஜைமேல் பிளாஸ்டிக் முட்டி எலும்பு. ஒரு பெரியவர் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவில் அடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் இடுப்பைத் தாங்கியபடி கூடவே நடந்த பிசியோ, ஐம்பது வயது மதிக்கத்தக்க வாட்டசாட்டமான மனிதர்.

அந்த அம்மா மெஷினின் வயரை இழுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் குனிந்தாள். வெள்ளை ப்ளக் ஒன்றைப் பிடுங்கினாள். தன்னுடையதைச் சொருகினாள்.

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து பதினாறு. மருந்துக் கம்பெனி அனுப்பிக்கொண்டே இருக்கும் பட்டியலைக் கொழுந்தன் போனில் திறந்து வைத்திருந்தான். கடைசிச் சிவப்பு பத்து பன்னிரண்டு. பத்து பதினெட்டுக்கு வர வேண்டியது வரவில்லை. பத்தொன்பது. இருபது.

"செத்துட்டான்," என்று கொழுந்தன் கிசுகிசுத்துவிட்டு, போனோடு வராந்தாவுக்குப் போனான்.

அலமாரியில் மடித்து வைத்த துண்டுகளுக்குப் பின்னால் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அண்ணி அதையே பார்ப்பதை பிசியோ பார்த்துவிட்டார். பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்தார்.

"யாருங்க நீங்க?"

"ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை மருந்துக் கடைக்குப் போறவரைத் தேடி வந்திருக்கேன்."

அவர் பயப்படவில்லை. சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவங்க அனுப்பினாங்களா? நாலு மாசமா நாங்க குடுத்த புகாருக்கு யாருமே வரலை. அவங்க குடுத்ததுக்கு ஒரே நாள்ல ஆள் வந்துட்டாங்க."

"நீங்க என்ன புகார் குடுத்தீங்க?"

அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு தடிமனான ஃபைலை எடுத்துப் பிரித்தார். பக்கம் பக்கமாக நேரம். ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரில் இரண்டு பதில்கள். வீடு: இல்லை. ஆஸ்பத்திரி: இருக்கு. வீடு: இல்லை. ஆஸ்பத்திரி: இருக்கு.

"ரத்தம் உறையாதவங்க நாற்பத்தொரு பேர் என்கிட்ட வர்றாங்க. முட்டிக்குள்ள ரத்தம் கசிஞ்சு வீங்கிடும். அந்த ஊசி இல்லைன்னா நடக்கவே முடியாது. அந்த ஊசிக்கு லைசென்ஸ் வாங்கினவங்க எப்பவும் கையிருப்பு வெச்சிருக்கணும். அதனால ஆஸ்பத்திரியிலேருந்தோ அரசு ஆபீஸ்லேருந்தோ பாத்தா 'இருக்கு'ன்னு காட்டுவாங்க. ஆர்டர் போட்டா நாலு நாள்ல வரும்பாங்க, நாலாவது நாள் கேன்சல் ஆகும். நோயாளி வீட்டுலேருந்து பாத்தா 'இல்லை'ன்னு வரும். கூடவே ஒரு போன் நம்பர் வரும். அதுல கூப்பிட்டா ஒருத்தன் பத்து மடங்கு விலை சொல்லுவான்."

அண்ணி ஃபைலில் இருந்த இரண்டு பதில்களின் மேலும் விரலை ஓட்டினாள். "கேக்கறது யாருன்னு பாத்துப் பதில் சொல்றாங்க."

"ஆமா. முதல்ல எங்க ப்ரோகிராமும் நேராத்தான் போச்சு. எப்பவும் 'இருக்கு இருக்கு'ன்னு பொய்யே கிடைச்சது. எங்க முகவரியை மறைச்சுக்கிட்டு, ஒரு சாதாரண வீடு மாதிரி போய்க் கேட்டப்பதான் உண்மை வெளிய வந்தது. ரெண்டு பதிலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தானே பொய் தெரியும்?"

"ப்ரோகிராமை எழுதினது நீங்களா?"

"எனக்கு முட்டியைத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க. எழுதினவர் என் நோயாளி." பிசியோவின் குரல் இறங்கியது. "காலையில ஆறு மணிக்குப் படியில விழுந்துட்டார். தலையில அடி. மூணாவது மாடியில அவசரப் பிரிவுல இருக்கார். மண்டைக்குள்ள கசியுது. ஆஸ்பத்திரியில இருந்த கடைசி ரெண்டு ஊசியையும் போட்டாச்சு. மூணு மணிக்குள்ள அடுத்தது போட்டாகணும்."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். ஒரு காலில் ஒரு செருப்பு, இன்னொரு காலில் வேறு செருப்பு. மேலே படுத்திருப்பவரின் மனைவி.

"சார், அந்த நம்பர்ல பேசினேன். சாயங்காலம்தான் முடியுமாம். அதுவும் முழுசாப் பணம் கைக்கு வந்தாத்தானாம்." அவள் அண்ணியைப் பார்த்தாள். "இவங்க யாரு? மருந்துக்கு ஏற்பாடு பண்றவங்களா?"

அண்ணி பார்வையைத் திருப்பி ஃபைலை மூடினாள். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் பல்லெல்லாம் தெரிய உள்ளே வந்தான்.

"அண்ணி, முதலாளிக்கு மெசேஜ் போட்டாச்சு! இடம், மாடி, அறை எல்லாம். மனுஷன் ஆளுங்களோட நேர்லயே கிளம்பிட்டார். இருபது நிமிஷத்துல..."

எதிரில் நின்ற மூன்று முகங்களையும் பார்த்ததும் போனைக் கீழே இறக்கினான்.

பிசியோ கம்ப்யூட்டரைத் தூக்க அலமாரிப் பக்கம் பாய்ந்தார்.

"தொடாதீங்க!" என்றாள் அண்ணி. "அம்மா, அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்தறீங்களா? வெள்ளை ப்ளக்கைத் திரும்ப மாட்டுங்க. ஓடட்டும்."

*

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் பொது எண் ஒன்பது தடவை மணி அடித்த பிறகுதான் எடுக்கப்பட்டது. ஆய்வாளரைப் பிடிக்க இன்னும் நான்கு நிமிடம் ஆனது. அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நான் சொன்ன மருந்துக் கடைப் பக்கத்தைத் திறங்க. அந்த ஊசி இருக்கா?"

தட்டும் சத்தம். "பதினாலு இருக்குன்னு காட்டுது. அப்புறம் என்னம்மா பிரச்சினை?"

"உங்க வீட்டுல இப்ப யார் இருக்காங்க?"

"எதுக்கும்மா?" குரலில் சந்தேகம். "என் மனைவி இருக்காங்க."

"அவங்களை அதே பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்க. உடனே."

இன்னொரு போனில் அவர் மனைவியைக் கூப்பிடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் மனைவியின் குரலும் லேசாகக் கேட்டது. "இல்லைன்னு போட்டிருக்குங்க. ஒரு நம்பர் இருக்கு. ஆமா, யாருக்கு இந்த ஊசி? உங்களுக்கு என்ன? என்கிட்ட எதையாவது மறைக்கிறீங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்லை, வை," என்றார் ஆய்வாளர். அண்ணியிடம் திரும்பியபோது குரல் மாறியிருந்தது, ஆனால் போதுமான அளவுக்கு இல்லை. "விசித்திரமாத்தான் இருக்கு. ஆனா வெப்சைட் கோளாறும்பாங்க. விளக்கம் கேட்டு லெட்டர் போடறேன். பத்து நாள்ல பதில் வந்துடும்."

"பத்து நாளா? மூணு மணி வரைக்கும்தான் சார் டைம்!" என்று அந்தப் பெண் கத்தினாள்.

வராந்தாவில் வேகமான காலடிச் சத்தம். அண்ணி போனை அணைக்காமல், பிளாஸ்டிக் முட்டி எலும்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

முதலாளி மூச்சு வாங்க உள்ளே வந்தார். பின்னால் இரண்டு பேர். கண்கள் நேராக அலமாரிக்குப் போயின.

"இதுதானா மெஷின்? எடுங்கடா அதை. மேடம், பிரமாதம்! ஒரே நாள்ல பிடிச்சுட்டீங்க."

கொழுந்தன் அலமாரிக்கு முன்னால் போய் நின்றான். "முதல்ல டோக்கன் எடுங்க சார். இங்க எல்லாரும் வரிசையிலதான் வரணும்."

"வழியை விடுப்பா."

"அவனைத் தள்ளாதீங்க," என்றாள் அண்ணி நிதானமாக. "நீங்க தாராளமா எடுத்துட்டுப் போகலாம். ஆனா ஒரு விஷயம் சொல்லணும். இதே பக்கத்தை இப்ப மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸும் பாத்துக்கிட்டிருக்கு. பதினாலு ஊசி இருக்குன்னு அங்க தெரியுது. ஆள் அனுப்பி எண்ணிப் பாத்தா?"

முதலாளியின் முகம் வெளுத்தது. சட்டென்று போனை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான்தான். அந்த ஊசிப் பக்கத்தை மாத்து. எல்லாருக்கும் 'இல்லை'ன்னு காட்டு. ஆமாய்யா, ஆபீஸ், ஆஸ்பத்திரி, எல்லாருக்கும்! இப்பவே!"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தாள். பெரியவர்கூட நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம்," என்றது மேஜைமேல் இருந்து ஒரு குரல்.

முதலாளி திடுக்கிட்டுத் திரும்பினார்.

"மேடம், என் ஸ்க்ரீன்ல பதினாலு இப்பதான் சைபர் ஆச்சு. அரை நிமிஷத்துல பதினாலு ஊசியையும் வாங்கின புண்ணியவான் யாருன்னு அவரைக் கேளுங்க. வேண்டாம், நானே கேக்கறேன். போனை அவர்கிட்ட குடுங்க."

அண்ணி போனை நிமிர்த்தி முதலாளியிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கூட வந்த இரண்டு பேரும் எப்போது வாசலைத் தாண்டினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"எடுத்துக்கிட்டா நல்லது," என்றார் ஆய்வாளர். "நான் உங்க குடோனுக்குக் கிளம்பறேன். பூட்டைத் திறக்கச் சொல்லுங்க. இல்லைன்னா உடைச்சுத்தான் திறப்பேன். பத்து நாள் லெட்டர் எல்லாம் இப்ப கிடையாது."

முதலாளி போனை வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

*

மிச்ச வேலை கொழுந்தனுடையது. ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் சட்டைப் பையில், ரத்த வங்கியில் கடன் வாங்கிய ஐஸ் பெட்டி வண்டியின் பின்னால். மெயின் ரோட்டில் எல்லா வண்டிகளும் நின்றிருந்தன. அவன் ஒரு லாண்டரிக்குப் பின்னால் நுழைந்து, ஒரு பள்ளி மைதானத்தின் ஓரமாகப் போய், மரக்கடைச் சந்து வழியாகக் குடோன் வாசலில் வந்து விழுந்தான். தப்பான ஆளுக்குப் போட்ட அந்த மெசேஜ் வழி முழுக்க அவன் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது.

குளிர்ப்பெட்டியில் பதினாலு ஊசி இல்லை. அறுபத்து மூன்று இருந்தது. ஆய்வாளர் ஒவ்வொன்றாக எண்ணி எழுதிக்கொண்டே, கடிதத்தில் கேட்டிருந்த ஆறை முதலில் எடுத்துக் கொடுத்தார்.

"இதைக் கணக்குல எழுதற வரைக்கும் நிக்க வேண்டாம். ஓடு," என்றார்.

இரண்டு முப்பத்தைந்துக்குக் கொழுந்தன் மூன்றாவது மாடிக்கு ஓடியே ஏறினான். நர்ஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அண்ணி வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தாள். கொழுந்தன் அறிவிப்புப் பலகையில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மூன்று தடவை படித்தான். பிசியோ நோயாளிகளுக்கு நடுவில் இரண்டு தடவை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பெண் கதவையே பார்த்தபடி நின்றாள். உட்காரச் சொன்னால் தலையாட்டினாள், உட்காரவில்லை.

ஐந்து மணிக்குக் கதவு திறந்து அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து அவள் வெளியே வந்தபோது முகம் கோணியிருந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"கசிவு நின்னுடுச்சாம். நினைவு சரியா இருக்கான்னு பாக்க, நான் யாருன்னு கேட்டாங்க." அவள் சுவரில் கை ஊன்றினாள். "'என் பொண்டாட்டி, நேத்துலேருந்து என்கூடப் பேசலை'ன்னு சொல்றார்."

கொழுந்தன் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டான். நர்ஸ் எட்டிப் பார்த்து முறைத்தாள்.

அண்ணி சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றாள்.

"நான் யாருன்னு காலையில கேட்டியேம்மா, நான் பதில் சொல்லலை. உன் வீட்டுக்காரரைப் பிடிச்சுக் குடுக்கறதுக்குத்தான் நான் வந்தேன்."

"தெரியும். பிசியோ சார் அப்பவே சொல்லிட்டார்." அந்தப் பெண் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து, அண்ணியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "அதான் பிடிச்சு என்கிட்டயே குடுத்துட்டீங்களே."